கல்யாணத்துக்குள் இருபது கிலோ குறைய வேண்டும்: எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

மதுரைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 46. உயரம் 156 செ.மீ., எடை 91 கிலோ. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிடுகிறார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாகப் பார்த்தபோது 8.6. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, தைராய்டு குறைவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. மூத்த மகளுக்குத் தை மாதம் கல்யாணம். இன்னும் நாலரை மாதம் இருக்கிறது. துபாயில் இருக்கும் நாத்தனார் மவுஞ்சாரோ என்ற டிர்செபடைடு ஊசி போட்டு ஒரு வருடத்தில் 18 கிலோ குறைந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. ஊருக்கு வந்தவர் மருந்து அடைத்த இரண்டு ஊசிப் பேனாக்களை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒன்று பிரிக்காதது, இன்னொன்று அவரே போட்டு மீதி வைத்தது. இரண்டுமே 7.5 மில்லிகிராம். "சின்ன டோஸில் ஆரம்பித்து நாளை வீணாக்காதே, நேராக இதையே போடு" என்பது அவர் யோசனை.

கூட வேலை பார்க்கும் டீச்சரோ, "தைராய்டு இருக்கிறவர்கள் இதைப் போடக் கூடாது, கேன்சர் வரும்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் "வாயைக் கட்டினால் போதும், ஊசி எதற்கு" என்கிறார். அதனால் அவருக்குத் தெரியாமல் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறார். கல்யாணம் முடிந்ததும் நிறுத்திவிடுவதாகத் திட்டம். கடிதத்தின் நடுவே போகிற போக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: "அம்மாவுக்கும் கழுத்தில் ஏதோ ஆபரேஷன் நடந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. எதற்கென்று தெரியாது. அம்மா இப்போது இல்லை."

அன்புள்ள சகோதரி,

இந்த மருந்து உங்களுக்குப் பொருந்தக்கூடியதுதான். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ உங்களுக்கு 37-ஐத் தாண்டுகிறது. 30-க்கு மேல் இருந்தாலோ, 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் இருந்தாலோ இந்த ஊசிகளை எழுதலாம். எடையையும் சர்க்கரையையும் சேர்த்து இறக்கக்கூடிய மருந்து உங்கள் நிலையில் இருப்பவருக்கு நல்ல பலன் தரும். ஆனால் கையில் இருக்கும் அந்தப் பேனாக்களில் ஆரம்பிக்காதீர்கள். 7.5-இல் ஆரம்பிக்காதீர்கள். டோஸை முடிவு செய்யும் வேலையைக் கல்யாணத் தேதியிடம் விடாதீர்கள்.

வீட்டுக்காரர் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. உடல் பருமன் நாக்குக் கட்டுப்பாடு இல்லாததால் மட்டும் வருவதில்லை. எடை குறையத் தொடங்கியதும் உடம்பு பசியைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும். பலமுறை பட்டினி கிடந்து குறைத்தும் திரும்ப ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் மன உறுதியின் தோல்வி இல்லை. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோன்களைப் போலவே இந்த ஊசி வேலை செய்கிறது. மூளைக்கு 'போதும்' என்ற செய்தி போகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. இது இன்சுலினும் இல்லை, அடிமையாக்கும் பொருளும் இல்லை.

நாத்தனார் கொடுத்த பேனாக்கள்

அவர் போட்டு மீதி வைத்த பேனாவைத் தொடவே வேண்டாம். ஊசி முனையைப் புதிதாக மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது. குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பேனாவுக்குள் திரும்பிப் போக வாய்ப்புண்டு. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுமே அந்த வழியில் பரவக்கூடியவை. சொந்தக்காரர்தானே என்பது இங்கே கணக்கில் வராது. இன்னொன்றும் உண்டு: இந்த வகைப் பேனாவில் வாரம் ஒன்றாக நான்கு டோஸ்தான். நான்கும் போட்ட பிறகு உள்ளே கொஞ்சம் மருந்து தெரியும். அதை ஐந்தாவது டோஸ் என்று நினைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்கக் கூடாது. திறந்து 30 நாள் ஆன பேனாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பிரிக்காத பேனாவிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரிக்காத பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், ஒருமுறைகூட உறையக் கூடாது. துபாயிலிருந்து உங்கள் ஊர் வரை அது எந்தப் பெட்டியில், எந்த வெயிலில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. எப்படி இருந்தாலும் 7.5 உங்களுக்கான ஆரம்ப டோஸ் கிடையாது. இது டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. மருந்துக் கடையில் பில் கேட்டு வாங்குங்கள், பெட்டியிலும் பேனாவிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த செமாக்ளூடைடில் போலிகள் நடமாடுவதாக உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது.

தைராய்டு: ஒரு பயம் வேண்டாம், ஒன்றை விசாரிக்க வேண்டும்

உங்களுக்கு இருப்பது தைராய்டு குறைவு. அதற்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த ஊசியைப் போடத் தடையில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தைராய்டில் உள்ள 'சி' செல்களில் கட்டி வந்தது. அதிலிருந்துதான் அந்த எச்சரிக்கை பிறந்தது. மனிதர்களில் அது 'மெடுல்லரி' என்ற அரிய வகைத் தைராய்டு புற்றுநோயைப் பற்றியது. தனக்கோ ரத்த உறவிலோ அந்த வகை இருந்தால் இந்த ஊசி கூடாது. எம்இஎன் 2 என்ற பரம்பரை நோய் இருந்தாலும் கூடாது.

அதனால்தான் அம்மாவைப் பற்றி எழுதிய அந்த ஒற்றை வரியில் நான் நின்றுவிட்டேன். கழுத்தில் ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் சாதாரணக் கழலையாக இருக்கும். புற்றுநோயாகவே இருந்திருந்தாலும் அடிக்கடி பார்க்கிற வகை வேறு. இந்தத் தடை அதற்கில்லை. ஆனாலும் ஊகத்தில் விட்டுவிடும் விஷயமில்லை இது. பெரியம்மா, மாமா என்று அப்போது ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். பீரோவில் பழைய பைலைத் தேடிப் பாருங்கள். சதைப் பரிசோதனை ரிப்போர்ட் ஒரு தாள் கிடைத்தால் போதும். எதுவும் கிடைக்காவிட்டால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். கழுத்து ஸ்கேனும், கால்சிடோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு அவர் முடிவெடுப்பார். டீச்சர் சொன்ன காரணம் தவறு. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளும்வரை முதல் ஊசி வேண்டாம்.

ஊசி ஆரம்பித்து எடை இறங்கினால் உங்கள் தைராய்டு மாத்திரையின் அளவு மாற வேண்டி வரலாம். சில மாதம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பாருங்கள்.

இருபது கிலோ கணக்கு

டிர்செபடைடு 2.5 மில்லிகிராமில் ஆரம்பிக்கும். வாரம் ஒருமுறை, நான்கு வாரம். பிறகு 5. அதற்கு மேல் தேவைப்பட்டால், ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம் இருந்துவிட்டு 2.5 வீதம் ஏற்றலாம், உச்சம் 15. நாத்தனார் சொல்லும் 7.5-ஐ நீங்கள் தொடுவதே சீக்கிரம் என்றால் ஒன்பதாவது வாரம். முதல் மாத டோஸ் எடை குறைப்பதற்கானதே இல்லை. வயிறும் குடலும் மருந்துக்குப் பழகுவதற்காகக் கொடுப்பது. அந்த மாதம் எடை அசையாவிட்டால் "எனக்கு வேலை செய்யவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நீங்கள் சோர வேண்டாம்.

இன்னொன்றை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசியில் எடை குறைவது கொஞ்சம் கம்மி. சர்க்கரை இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வில், 72 வாரத்தில் 15 மில்லிகிராம் டோஸில் சராசரியாக 20.9 சதவீதம் எடை குறைந்தது. சர்க்கரை உள்ளவர்களிடம் அதே டோஸில், அதே 72 வாரத்தில் 14.7 சதவீதம். உங்கள் 91 கிலோவுக்கு அது 13 கிலோ சொச்சம், அதுவும் ஏறக்குறைய ஒன்றரை வருடத்தில். தை மாதத்துக்குள் ஐந்திலிருந்து எட்டு கிலோ என்று என் மனக்கணக்கு சொல்கிறது. கேட்க ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஐந்து சதவீதம் இறங்கினாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும். முழங்கால் வலி இருந்தால் அதுவும் குறையும். நாத்தனாரோடு உங்களை ஒப்பிட்டுப் பார்க்கவே கூடாது. அவர் உடம்பு வேறு.

வேகமாக எடை இறங்கினால் மூன்று நான்கு மாதத்தில் முடி கொத்தாகக் கொட்டுவதும் உண்டு. பிறகு முளைத்துவிடும், ஆனால் அந்த மூன்று நான்கு மாதம் சரியாக உங்கள் மகள் கல்யாணத்தில் வந்து நிற்கும். அவசரப்பட்டு டோஸ் ஏற்றாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

ஆரம்பிக்கும் முன்: மாத்திரை, கண், சிறுநீரகம்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது கிளிமிபிரைடு. ஊசி போட்டு, பசி குறைந்து, சாப்பாடு பாதியான பிறகும் அந்த மாத்திரை பழைய அளவிலேயே போனால் சர்க்கரை தாழ்ந்துவிடும். உங்கள் டாக்டர் அதன் அளவைக் குறைக்கலாம் அல்லது நிறுத்தலாம். நீங்களாகச் செய்ய வேண்டாம். குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, படபடத்தால் சர்க்கரையைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். கைப்பையில் கொஞ்சம் குளுக்கோஸ் பவுடர் எப்போதும் இருக்கட்டும். வகுப்பு நடத்தும்போது வந்தால் தேட நேரம் இருக்காது.

ஏழு வருடச் சர்க்கரை, எச்பிஏ1சி 8.6. கடைசியாக எப்போது கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு இருந்தால், சர்க்கரை திடீரென்று இறங்கும்போது அது தற்காலிகமாக மோசமாகலாம். மதுரைப் பக்கம் இருப்பவருக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஊசிக்கு முன்னால் ஒரு நாள் போய் வந்துவிடுங்கள். கூடவே சிறுநீரகத்துக்காக ரத்தத்தில் கிரியாட்டினின், ஈரல் பரிசோதனை. பித்தப்பைக் கல்லோ, கணையத்தில் வீக்கமோ முன்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

மாதவிடாய் நின்றுவிட்டதா என்றும் நீங்கள் சொல்லவில்லை. கர்ப்பமாக இருக்கும்போது இந்த ஊசி கூடாது. டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலத்தையும் குறைக்கும். ஆரம்பித்து நான்கு வாரமும், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு வழி வேண்டும். பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கும் இளம்பெண்கள் இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள்: எடை குறைந்ததும் எதிர்பாராமல் கரு தங்குவது நடக்கிறது.

ஊசி போடுகிற நாளும் சாப்பாடும்

வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை ராத்திரி என்றால் குமட்டல் வந்தாலும் ஞாயிறு வீட்டில் இருக்கலாம். வயிற்றில் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, அல்லது தொடையில். ஒவ்வொரு வாரமும் இடத்தை மாற்றுங்கள். புது ஊசி முனை மாட்டி, பேனாவோடு வரும் தாளில் சொன்னபடி முதலில் ஒரு சொட்டு வெளியே வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பொத்தானை அழுத்தியதும் உடனே எடுக்காமல் மெதுவாக ஐந்தாறு எண்ணுங்கள். முனையைக் கழற்றி, பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். முதல் ஊசியை நர்ஸ் முன்னால் நீங்களே போட்டுப் பழகுவது நல்லது. கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள், கேட்பது உங்கள் உரிமை. பேனா பிரிட்ஜில் இருக்கட்டும், பிரீசருக்கு ஒட்டினாற்போல் வேண்டாம். ஒரு வாரம் மறந்துவிட்டால் நான்கு நாளுக்குள் போடலாம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த முறை நாளில் போடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது.

முதல் வாரங்களில் குமட்டல், வயிறு உப்பல், மலச்சிக்கல் அல்லது பேதி, சிலருக்கு முட்டை நாற்றம் அடிக்கும் ஏப்பம் வரும். பெரும்பாலும் தானாக அடங்கும். வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதியை வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்தது போல் இருந்தால் தட்டில் மீதி இருந்தாலும் எழுந்துவிடுங்கள். வீணாக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான், ஆனால் அந்தக் கடைசி நான்கு வாய்தான் வாந்தியில் முடியும். பூரி, பரோட்டா, வடை, பிரியாணி போன்றவற்றை ஊசி போட்ட இரண்டு மூன்று நாள் தள்ளி வையுங்கள். ராத்திரி சாப்பிட்டதும் படுக்க வேண்டாம்.

இட்லி தோசை சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் நம் சாப்பாட்டில் புரதம் குறைவு. பசி குறைந்து இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால் உள்ளே போன புரதம் நாலு கிராம் இருக்கும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு சதையும் கரையும். 46 வயதில் போன சதையைத் திரும்பக் கொண்டுவருவது லேசில்லை. அதனால் தட்டில் முதலில் கை வைப்பது முட்டையாக, மீனாக, சுண்டலாக, பனீராக இருக்கட்டும், சாதம் கடைசியில். முட்டை ஒன்றில் ஆறு கிராம், ஒரு கப் வெந்த கொண்டைக்கடலையில் பதினாலு கிராம் வரை வரும். நடைப்பயிற்சி மட்டும் போதாது. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது சதைக்கு வேலை கொடுங்கள். பசிக்கவில்லை என்று விரதத்தையும் கூடச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை சில. மேல் வயிற்றில் விடாமல் வலித்து முதுகுக்குப் பரவினால் கணைய வீக்கமாக இருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் கிளம்புங்கள். வலது விலாவுக்குக் கீழ் வலியோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது வந்தால் பித்தப்பை. தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாள் வாந்தியோ பேதியோ போனால், ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். அன்றைக்கு அந்த மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் தொடரலாமா என்று டாக்டருக்கு போன் செய்து கேளுங்கள். பார்வை திடீரென்று மங்கினால் தள்ளிப்போடாதீர்கள். எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க டாக்டரிடம் இந்த ஊசியைச் சொல்லுங்கள், ஏனென்றால் பட்டினி இருந்தும் இரைப்பையில் சாப்பாடு தங்கியிருக்கக்கூடும்.

கல்யாணம் முடிந்ததும்

நிறுத்தினால் அடிமைப்பட்டவர் போல் உடம்பு துடிக்காது. ஆனால் பசி பழையபடி வந்துவிடும். செமாக்ளூடைடு போட்டு நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்திருந்தது. டிர்செபடைடிலும் இதே போக்குதான். உங்கள் சர்க்கரையும் கூடவே ஏறும். அதனால் நாலரை மாத மருந்தாக இதை ஆரம்பித்தால் அதிகப் பணம், அதிக சிரமம், குறைந்த பலன் என்றே முடியும். வருடக்கணக்கில் போட வேண்டி வரும் என்ற எண்ணத்தோடு ஆரம்பியுங்கள். குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதை டாக்டர் கூட இருந்து பார்த்துச் சொல்லட்டும்.

அப்போது பணக் கணக்கும் வரும். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது ஒரு வார டோஸ் அடங்கிய 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் என்பதால் அதில் உள்நாட்டுக் கம்பெனிகளின் விலை குறைந்த மருந்துகளுக்கு வழி திறக்கிறது. எடை சற்றுக் குறைவாக இறங்கினாலும், விடாமல் போட முடிகிற மருந்து உங்களுக்கு மேல். கல்யாணச் செலவு தலைக்கு மேல் இருக்கும் இந்த நேரத்தில் நகையை வைத்து இதை ஆரம்பிக்க வேண்டிய அவசரம் இல்லை; தை முடிந்து மாசியில் ஆரம்பித்தாலும் மருந்து அதேபோல் வேலை செய்யும்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ராத்திரி சர்க்கரை தாழ்ந்து நீங்கள் நினைவில்லாமல் கிடந்தால் ஆஸ்பத்திரியில் பதில் சொல்லப்போவது அவர்தான். உங்களுக்கு என்ன மருந்து போகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். பேச்சைத் தொடங்கக் கஷ்டமாக இருந்தால் டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். 'வாயைக் கட்டினால் போதாதா' என்று அவர் அங்கேயே கேட்கட்டும், டாக்டர் பதில் சொல்லட்டும். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், நாத்தனாரின் அந்த இரண்டு பேனாக்களையும் எடுத்துப் போங்கள். பேனாக்களை அங்கேயே கொடுத்து முறையாக அழித்துவிடச் சொல்லலாம்.